தண்ணீரைப் பற்றி மட்டும்

மார்ச் 3

சின்னவளுக்கு,

உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் உன் அக்காவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துவிடாதே. அப்படி ஒன்றும் இல்லை. நன்றாக இருக்கிறாள். இந்தக் கடிதம் கொல்லைப்புறத்துக் குளத்தைப் பற்றியது.

பதினான்கு மாதம் பேசாமல் இருந்துவிட்டு இப்படி வந்து நிற்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் முப்பது வருடமாக ஊர்க் குடிதண்ணீரைச் சோதிக்கும் வேலையில் இருப்பவள் என்று எனக்குத் தெரிந்து நீ ஒருத்திதான். நான் வேலைக்காலம் முழுக்க நிலம் அளந்தவன். தண்ணீர் எனக்குப் பிடிபடவில்லை.

குளம் பச்சையாகிவிட்டது. சுவரில் ஒட்டிக்கொள்ளும் பாசி என்றால் தேய்த்து எடுத்துவிடுவேன். இது தண்ணீரே பச்சை. கையை விட்டால் மணிக்கட்டுக்குக் கீழே விரல் தெரிவதில்லை. இரண்டு தடவை மீன்களைப் பீப்பாய்க்கு மாற்றி, மொத்தத் தண்ணீரையும் இறைத்து, சுவரையும் அடியையும் பிரஷ் போட்டுக் கழுவி, புதுத் தண்ணீர் விட்டேன். பத்தாவது நாள் மறுபடி அதே பச்சை.

உன் அக்கா காலையில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு கரையில் உட்கார்ந்து, "எங்க எல்லாரும்?" என்று கேட்கிறாள். உள்ளேதான் இருக்கின்றன என்று சொன்னால் நம்புவதில்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

போனில் கேட்டிருக்கலாம். மணி அடித்தால் அவள் திடுக்கிட்டுப் போகிறாள், அதனால் இணைப்பையே எடுத்துவிட்டேன். தவிர, போனில் நீயும் நானும் எந்த லட்சணத்தில் பேசிக்கொள்வோம் என்பது உனக்கும் தெரியும்.

அத்தான்


மார்ச் 9

அத்தானுக்கு,

தண்ணியைப் பத்தி மட்டும் கேட்டிருக்கீங்க. தண்ணியைப் பத்தி மட்டும் பதில் எழுதறேன்.

மொத்தமா இறைச்சது தப்பு. அழுக்கைத் தின்னு தண்ணியைச் சுத்தம் பண்ற கண்ணுக்குத் தெரியாத உயிருங்க அந்தச் சுவர்லயும் அடியிலயும்தான் ஒட்டிக்கிட்டிருக்கும். அதுங்களைத்தான் நீங்க பிரஷ் போட்டுக் கழுவி விட்டிருக்கீங்க. இனிமே வாரத்துக்கு ஒரு தடவை கால் பங்கு தண்ணி மட்டும் மாத்துங்க. அடியில இருக்கிற சேறைக் குழாய் வெச்சு உறிஞ்சி எடுங்க, சுவரைத் தொடாதீங்க.

பாசிக்கு ரெண்டே ரெண்டு வேணும், வெயிலும் சாப்பாடும். வெயிலை மறைக்க மேல பாதிக்கு நிழல்வலை கட்டுங்க, அல்லி மாதிரி மிதக்கிற இலை ஏதாவது வளர்த்துவிடுங்க. ஒரு வைக்கோல் கட்டை வலைப்பையில போட்டு மூலையில முக்கி வைங்க, அது மக்க மக்கப் புதுப்பாசி கிளம்பறது கொஞ்சம் குறையும். பாசிக்குச் சாப்பாடுங்கிறது மீன் கழிவும், மீன் திங்காம விட்ட இரையும். ரெண்டு நிமிஷத்துல தின்னு தீர்க்கிற அளவுக்கு மேல ஒரு பொட்டு போடக் கூடாது.

குளத்தோட அளவு, எத்தனை மீன், எத்தனை மணி நேரம் வெயில், ஒரு நாளைக்கு எவ்வளவு இரை, இதெல்லாம் எழுதுங்க. எதையும் குறைச்சுச் சொல்ற ஆள் நீங்க, அதனால ஒரு பாட்டில்ல தண்ணியும் அனுப்புங்க.

தண்ணியைப் பத்தி மட்டும்னு ஆரம்பிச்சேன், முடியலை. நல்லா இருக்கான்னு எழுதியிருக்கீங்க. போன தடவை நான் வந்தப்பவும் இதையேதான் சொன்னீங்க. அடுப்புல பால் பொங்கிக் கருகுது, அக்கா அதையே பாத்துக்கிட்டு நிக்கறா, நீங்க "கொஞ்சம் அசதி"ங்கறீங்க. அவளுக்கு ஞாபகம் போய்க்கிட்டிருக்குன்னு டாக்டர் எழுதின சீட்டு ரெண்டு வருஷமா உங்க மேஜை டிராயர்ல மடிச்சுக் கெடக்கு. அதை நான் எடுத்ததுக்கு, "என் டிராயரைத் திறக்க நீ யாரு"ன்னு கேட்டீங்க.

எனக்கு ஏழு வயசுல அம்மா போனதுல இருந்து என்னை வளர்த்தது அக்கா. நான் யாருன்னு நீங்க கேட்டுட்டீங்க. அது இன்னும் எனக்கு ஆறலை.

சின்னவள்


மார்ச் 20

சின்னவளுக்கு,

நீளம் பன்னிரண்டு அடி. அகலம் எட்டு. ஆழம் மூன்றரை. கிட்டத்தட்ட ஒன்பதாயிரத்து ஐந்நூறு லிட்டர். காலை ஒன்பது முதல் நாலு வரை வெயில். பெரிய கெண்டை மீன்கள் இருபத்து மூன்று, எல்லாம் ஆரஞ்சும் வெள்ளையும். இரை ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடி.

நீ சொன்ன எல்லாவற்றையும் செய்துவிட்டேன். நாலு மூலையிலும் இரும்புக் குழாய் நட்டு நிழல்வலை இழுத்துக் கட்டியிருக்கிறேன், மட்டம் பார்த்துத்தான். பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "பந்தல் போடறீங்களே, வீட்ல விசேஷமா?" என்று கேட்டார். ஆமாம், மீனுக்குக் கல்யாணம் என்றேன். வைக்கோல் கட்டு மூலையில் கிடக்கிறது. அல்லிக் கிழங்கு நாலு தொட்டியில் வைத்து இறக்கியிருக்கிறேன்.

நாலைந்து நாளைக்கு நல்ல மாற்றம் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை ஒரு மீன் மேலே வந்து திரும்பியபோது அதன் முதுகு தெரிந்தது. உன் அக்கா என் கையைப் பிடித்துக் காட்டினாள். அதற்குப் பிறகு மறுபடி மங்கிவிட்டது.

பாட்டிலை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கசியாமல் மெழுகு வைத்திருக்கிறேன்.

டிராயர் விஷயத்தில் நான் சொன்ன வார்த்தை தப்பு. அதை எழுதாமல் இந்தக் கடிதத்தை முடிக்க வேண்டும் என்றுதான் இருந்தேன்.

அத்தான்


ஏப்ரல் 2

அத்தானுக்கு,

பாட்டில் பத்திரமா வந்தது. ரெண்டு தடவை சோதனை பண்ணினேன். முதல் தடவை என் கருவி மேலயே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு.

பாஸ்பேட்டும் அம்மோனியாவும் அந்த அளவுக் குளத்துல இருக்கவே கூடாத அளவுக்கு இருக்கு. இருபத்து மூணு மீனுக்கு ஒரு கைப்பிடி போட்டா இப்படி வராது. அசைக்காம ஒரு ராத்திரி வெச்சுப் பாத்தா அடியில மாவு மாதிரி தங்குது. ஒரு நாளைக்குப் பத்துப் பதினைஞ்சு கைப்பிடி விழற குளம் இது. இப்படிப் போட்டுக்கிட்டே இருந்தா, நீங்க குளத்துக்கு மேல கூரையே வேய்ஞ்சாலும் பாசி நிக்காது.

நீங்க கணக்கான ஆள். கைப்பிடிக்கு மேல போடமாட்டீங்க. அப்போ யார் போடறாங்க?

சின்னவள்


ஏப்ரல் 12

சின்னவளே,

உன் அக்காதான் போடுகிறாள்.

இந்த ஒரு வரியை எழுத ஒரு வாரம் ஆயிற்று.

அவள் வேலை பார்த்தது பச்சைக் குழந்தைகள் வார்டில். குறைமாதத்தில் பிறந்தவை, உள்ளங்கை அளவு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் கொடுக்க வேண்டும். முப்பத்திரண்டு வருடம் அதைச் செய்தாள். இன்று என்ன கிழமை என்று அவளுக்குத் தெரியாது, குளியலறை எந்தப் பக்கம் என்று தெரியாது. ஆனால் காலை ஆறு மணிக்கு இரை டப்பாவை எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போகிறாள். எட்டு மணிக்குப் போகிறாள். பத்துக்குப் போகிறாள். போனதை மறந்துவிட்டால் பத்தே காலுக்கு இன்னொரு தடவை. திரும்பி வந்து, "எல்லாருக்கும் குடுத்தாச்சு, மூணாவது தொட்டில்ல இருக்கிறது மட்டும் சரியாக் குடிக்கலை, டாக்டர்" என்று என்னிடம் சொல்கிறாள். நான் தலையாட்டுகிறேன். இப்போது பெரும்பாலான நாட்களில் நான் டாக்டர்தான். சங்கிலி பிடித்து நிலம் அளந்தவனுக்கு இது பெரிய பதவி உயர்வு.

தடுத்துப் பார்க்காமல் இல்லை. டப்பாவை அலமாரிக்கு மேல் ஒளித்து வைத்தேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். பசித்த குழந்தைகளை வைத்துக்கொண்டு ஒரு நர்ஸ் எப்படி நடப்பாளோ அப்படி வீடு முழுக்க நடந்தாள், குறுக்கே நின்ற என்னை ஒதுக்கிவிட்டு. சமையலறையில் இருந்த ரொட்டி, மாவு, சர்க்கரை, தேயிலைத் தூள் எல்லாம் குளத்துக்குப் போயிற்று. மறுநாள் அவளுடைய மாத்திரைகளும் போயின. அதற்குப் பிறகு டப்பாவைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன்.

ஒரு நாளில் பத்து தடவை அவள் முகத்தில் ஒரு வேலை முடிந்த நிறைவு வருகிறது. மற்ற நேரத்தில் அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை. அதை எப்படி நான் பிடுங்குவேன்? ஆனால் அவள் போடப் போட தண்ணீர் பச்சையாகிறது, பச்சையானதும் குழந்தைகளைக் காணோம் என்று தவிக்கிறாள், தவிப்பில் இன்னும் போடுகிறாள்.

டாக்டர் சீட்டை ஏன் மறைத்தேன் என்று நீ அன்று கேட்டாய். நீ வந்து பார்க்காதவரை எனக்கு அது பாதிதான் நடந்த மாதிரி இருந்தது. வேறு காரணம் இல்லை.

அத்தான்


ஏப்ரல் 19

அத்தானுக்கு,

உங்க லெட்டரை ஆபீஸ் குளியலறையில நின்னு படிச்சேன். ரெண்டு தடவை. வெளிய வந்தப்ப கண்ணு என்ன இப்படி இருக்குன்னு கேட்டாங்க, குளோரின்னு சொன்னேன்.

முதல்ல செய்ய வேண்டியதைச் சொல்றேன். மூடியில ஊசியால பத்து ஓட்டை போட்ட டப்பா ஒண்ணு குடுங்க. அவ எத்தனை தடவை ஆட்டினாலும் நாலு துணுக்குக்கு மேல விழாது. அவ போட்ட மாதிரியும் இருக்கும், குளமும் தாங்கும்.

ரெண்டாவது. கோபப்படாம படிங்க. இங்க ஒரு இல்லம் இருக்கு. ஞாபகம் போனவங்களுக்குன்னே இருக்கிறது. அங்க இருக்கிற பெரிய நர்ஸ் தண்ணி சோதனைக்காக எங்க ஆபீசுக்கு வருவாங்க, எனக்கு நல்ல பழக்கம். ஜன்னல் பக்கமா ஒரு படுக்கை காலியாகுது. என் வீட்ல இருந்து நடந்தா பத்து நிமிஷம், நான் தினமும் போவேன். உங்களுக்கு எழுபத்தொண்ணு ஆகுது. முட்டி வலிக்கு நீங்க எதைத் தடவிக்கிறீங்கன்னு உங்க லெட்டர் வாசனையிலயே தெரியுது. யோசிங்க.

சின்னவள்


ஏப்ரல் 26

சின்னவளுக்கு,

ஊசி ஓட்டை டப்பா இரண்டு நாள் வேலை செய்தது. மூன்றாம் நாள் அதைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "பாட்டில் அடைச்சுக்கிட்டிருக்கு, யார் கழுவினது?" என்று என்னைத் திட்டிவிட்டு மூடியைத் திருகிக் கழற்றிவிட்டாள். விரல்கள் இன்னும் நர்ஸ் விரல்கள்தான்.

இல்லம் வேண்டாம். அவளை நான் யாரிடமும் விட மாட்டேன். அந்த ஜன்னல் பக்கப் படுக்கையை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல். இதைப் பற்றி இனி எழுதாதே, எழுதினால் நான் பதில் போட மாட்டேன்.

குளத்தை நானே பார்த்துக்கொள்கிறேன். கலர்மீன் கடைக்காரரிடம் சொன்னேன். நீலமாக ஒரு பொடி கொடுத்திருக்கிறார், கரைத்து ஊற்றினால் இரண்டே நாளில் கண்ணாடிபோல் ஆகிவிடுமாம். வெள்ளிக்கிழமை ஊற்றப் போகிறேன்.

அத்தான்


ஏப்ரல் 29

அத்தான்,

பொடியைப் போடாதீங்க.

நீலம்னா அது மயில்துத்தம்தான். பாசியைக் கொல்லும், உண்மைதான். ஆனா அவ்வளவு பாசியும் ஒரே நேரத்துல செத்து அடியில விழுந்து அழுகும். அழுகும்போது தண்ணியில இருக்கிற காத்து மொத்தத்தையும் அது இழுத்துக்கும். தண்ணி தெளிவாத்தான் தெரியும், மீனுக்கு மூச்சு இருக்காது. அந்தப் பொடியே அளவு கூடினா மீனோட செவுளை அரிச்சுடும்.

போட்டுட்டீங்கன்னா உடனே மூணுல ஒரு பங்கு தண்ணியை மாத்துங்க. பம்பை நிறுத்தாம ஓட விடுங்க, தண்ணி மேல இருந்து கொட்டற மாதிரி. மீனுங்க மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடினா அதுதான் அடையாளம், ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதீங்க.

போன் பண்ணிப் பாத்தேன், இணைப்பு இல்லைன்னு வருது. எலக்ட்ரீஷியன் நம்பர் என்கிட்ட இல்லை. விரைவுத் தபால்ல அனுப்பறேன். படுக்கை விஷயம் பேசலை. இதை மட்டும் கேளுங்க.

சின்னவள்


மே 7

சின்னவளே,

உன் கடிதம் திங்கட்கிழமை மத்தியானம் வந்தது. தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கும்போது என் கை ஈரமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் பொடியை ஊற்றினேன். சனிக்கிழமை பச்சை பழுப்பானது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பார்த்தால், நான் கட்டிய நாளில்கூட அந்தக் குளம் அப்படி இருந்ததில்லை. அடியில் கிடந்த கூழாங்கல்லை எண்ணலாம். உன் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்து ஸ்டூலில் உட்கார வைத்தேன். அவள் முன்னால் குனிந்து தண்ணீருக்குள் பார்த்தாள். பிறகு விரல் நீட்டி எண்ண ஆரம்பித்தாள். இருபத்து மூன்றும் சரியாக வந்தது. ஒரு தடவைகூடத் தவறவில்லை. திரும்பி என்னைப் பார்த்து, "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். டாக்டரைக் கேட்கவில்லை. என்னைக் கேட்டாள். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது அவள் என்னிடம் அதைக் கேட்டு. அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க நாங்கள் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். உனக்குக் கடிதம் எழுதி, உன் படிப்பைவிடக் கடைக்காரர் தேவலை என்று வம்பு இழுக்கலாம் என்றுகூட நினைத்தேன்.

திங்கட்கிழமை ஆறரை மணிக்கு மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பசி என்று நினைத்தேன். நானே ஒரு கைப்பிடி போட்டேன். ஒன்றுகூடத் தின்னவில்லை. பத்து மணிக்கு முதல் மீன் புரண்டது. அப்புறம்தான் பம்பை ஓடவிட்டேன். பன்னிரண்டுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவளை உள்ளே கூட்டிப் போக முயன்றேன். வர மாட்டேன் என்றுவிட்டாள். துண்டுகளை எடுத்து வந்தாள். ஒவ்வொன்றாகக் கையில் ஏந்தி எடுத்து, துடைத்து, துண்டில் சுற்றி, பின்வாசல் சிமெண்டுத் தரையில் வரிசையாகக் கிடத்தினாள். துண்டு தீர்ந்ததும் என் சட்டைகள்.  எல்லாம் முடித்துவிட்டு நிமிர்ந்து என்னிடம் கேட்டாள்.

"ட்யூட்டியில யார் இருந்தது?"

"நான்தான்."

"எப்பப் பாத்தீங்க?"

"ஆறரைக்கு."

"அப்பவே ஏன் என்னைக் கூப்பிடலை?"

 அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நாலு மணிக்கு எல்லாம் மறந்துவிட்டது. டப்பாவை எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போனாள். அப்போது நான் தோட்டத்து மூலையில் குழி தோண்டிக்கொண்டிருந்தேன். டப்பா ஆடும் சத்தம் கேட்டது.

அத்தான்


மே 14

அத்தானுக்கு,

உங்களைத் திட்டறதுக்குத்தான் பேனாவை எடுத்தேன். ரெண்டு தாள் எழுதிக் கிழிச்சுப் போட்டுட்டேன்.

உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நான் சண்டை போட்டுட்டுக் கிளம்பினது டிராயருக்காக இல்லை. அன்னைக்குக் காலையில அக்கா என் பக்கத்துல வந்து, "நீங்க யாரைப் பாக்க வந்திருக்கீங்க?"ன்னு கேட்டா. மரியாதையா, சிரிச்சுக்கிட்டே. உங்களைப் பாக்கத்தான்னு சொன்னேன். "நான் நல்லாத்தானே இருக்கேன்"ன்னா. அதை என்னால தாங்கிக்க முடியலை. யார் மேலயாவது கோபப்படணும்னு இருந்தது, நீங்க கிடைச்சீங்க. பதினாலு மாசம் அந்தக் கோபத்தைப் பத்திரமா வெச்சுக்கிட்டேன். அது இருந்தா அங்க வர வேண்டாமே.

புது மீன் எதுவும் இப்ப விடாதீங்க. தண்ணியில அந்தப் பொடியோட செம்பு இன்னும் இருக்கு, பிழைக்காது. இன்னொண்ணும் சொல்லணும். இனிமே இரையைத் திங்க ஒரு உயிரும் இல்லை. அவ போடறது அத்தனையும் பாசிக்குத்தான் போகும். முன்னைவிட மோசமாத்தான் பச்சையாகும். இதுக்கு என்கிட்ட வழி எதுவும் இல்லை.

நான் வரட்டுமா? நீங்க வான்னு சொன்னா மட்டும் வரேன்.

சின்னவள்


மே 26

சின்னவளே,

வா.

நீ எழுதியபடியே ஆயிற்று. பத்து நாளில் தண்ணீர் முழுப் பச்சை, ஒரு வாடையும் சேர்ந்துகொண்டது. போன புதன்கிழமை பதினொரு மணிக்கு நான் துணி அலசிக்கொண்டிருந்தேன். குழாயை நிறுத்தியதும் தண்ணீர் கலங்கும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் அவள் குளத்துக்குள் நிற்கிறாள். இடுப்புக்கு மேல் தண்ணீர். குனிந்து குனிந்து இரண்டு கையாலும் அடியில் துழாவிக்கொண்டு, ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நடந்துகொண்டிருந்தாள். "ஒண்ணுகூடக் கைக்கு அகப்படலை" என்றாள் என்னிடம். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

நான் இறங்கினேன். இறங்க முடிந்தது, அவளைத் தூக்க முடியவில்லை. பாசியில் கால் வழுக்கி நானும் ஒரு தடவை முழுகி எழுந்தேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, குழந்தைகளை விட்டுவிட்டு வர மாட்டேன் என்கிறாள். எலக்ட்ரீஷியன் என் சத்தம் கேட்டுச் சுவர் ஏறிக் குதித்து வந்தார். அவர் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று எழுதத் தேவையில்லை.

நெஞ்சில் சளி கட்டி ஐந்து நாள் காய்ச்சல். இப்போது எழுந்து உட்கார்கிறாள். இரை டப்பாவை மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். இன்று காலை படுக்கையிலிருந்து கையை நீட்டிக் கேட்டாள்.

அவளை யாரிடமும் விட மாட்டேன் என்று எழுதியிருந்தேன். என் கையில் அவள் இருந்தபோதுதான் இது நடந்தது. அந்த ஜன்னல் பக்கப் படுக்கை இன்னும் இருக்கிறதா என்று கேட்டுச் சொல். இருந்தால் வரும்போதே அழைத்துப் போக ஏற்பாடு செய்துகொண்டு வா. நான் மனம் மாறுவதற்குள் வா.

அத்தான்


ஜூன் 15

அத்தானுக்கு,

அன்னைக்குக் கார் கிளம்பறப்ப நீங்க ஏன் உள்ள போயிட்டீங்கன்னு நான் கேக்கலை. அக்காவும் கேக்கலை. வழி முழுக்க என் கையைத் தட்டிக் குடுத்துக்கிட்டே வந்தா. "முதல் குழந்தையா? பயப்படாதீங்க, எடை ஏறிடும்"னு சொன்னா. என்னை ஒரு தாய்னு நினைச்சுக்கிட்டா. சரிங்க சிஸ்டர்னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்ல முடியும்?

உண்மையை எழுதறேன், நீங்க மறைச்ச மாதிரி நான் மறைக்க மாட்டேன். முதல் வாரம் இங்கயும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து போனா. பக்கத்து அறைங்கள்ல நுழைஞ்சு, படுத்திருக்கிறவங்க வாயில ரொட்டியைப் பிட்டுப் பிட்டு வெச்சா. ஒரு பெரியவருக்குத் தொண்டையில அடைச்சுக்கிச்சு. அதுக்கப்புறம் அவளைக் கதவு பூட்டற பக்கத்துக்கு மாத்திட்டாங்க, ராத்திரிக்கு மாத்திரையும் கூட்டிட்டாங்க. ஜன்னல் இல்லை. நான் சண்டை போட்டுப் பாத்தேன். பெரிய நர்ஸ் நல்லவங்கதான், அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு.

இப்ப எழுந்திருக்கறதில்லை. நாற்காலியில உக்காந்திருக்கா. பத்து நாளா ஒரு வார்த்தை பேசலை. நல்லா அமைதியாயிட்டாங்கன்னு இங்க எல்லாரும் சந்தோஷப்படறாங்க. நான்தான் இந்த இல்லத்தைச் சொன்னேன், நான்தான் கூட்டிட்டு வந்தேன். உங்களை இத்தனை நாளும் எதுக்கெல்லாம் குத்தம் சொன்னேனோ, அதெல்லாம் இப்ப எனக்குத்தான்.

ஒரு தடவை வந்து பாருங்க. என் வீட்லயே தங்கலாம்.

சின்னவள்


ஜூலை 6

சின்னவளே,

தண்ணீர் தெளிந்துவிட்டது. நான் எதுவும் செய்யவில்லை. போடுவதற்கு ஆள் இல்லை, அவ்வளவுதான். அல்லி ஒன்று இலை விட்டிருக்கிறது. நேற்று மண் லோடு அடிப்பவர் வந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு சுத்தமா இருக்கே, நாலு மீன் விடலாமே, எதுக்கு மூடறீங்க?" என்றார்.  மூன்று லோடு போதும் என்று அளந்து சொன்னேன். வியாழக்கிழமை வருகிறார்.

போன செவ்வாய்க்கிழமை நான் உன் ஊருக்கு வந்திருந்தேன். பெரிய நர்ஸ் சொல்லியிருப்பார்கள். உன்னிடம் சொல்லாமல் வந்ததற்கும், வீட்டுக்கு வராமல் திரும்பியதற்கும் நீ கோபமாக இருப்பாய். நடந்ததைச் சொல்கிறேன்.

மூன்று மணிக்கு உள்ளே விட்டார்கள். நீ எழுதியிருந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முடியைக் கட்டையாக வெட்டியிருக்கிறார்கள், நீ அதை எழுதவில்லை. நான் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அவள் விடுவித்துக்கொள்ளவில்லை. நான் பேசினேன். எலக்ட்ரீஷியன் விசாரித்தார் என்றேன். முட்டி பரவாயில்லை என்றேன். சாப்பிட்டேன் என்றும் சொன்னேன். அவள் கேட்கவில்லை, நானாகவே சொன்னேன்.

ஒரு மணி நேரம் அப்படி இருந்தோம். நாலு அடித்ததும் அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

"நேரமாச்சு" என்றாள். "ஆம்பளைங்க உள்ள இருக்கக் கூடாது. பால் குடுக்கணும். வெளிய இருங்க."

பெரிய நர்ஸ் ஓடி வந்துவிட்டார்கள். பல நாளுக்கு அப்புறம் பேசியிருக்காங்க, நீங்க இன்னும் கொஞ்ச நேரம் இருங்க என்றார்கள். அவள் எழுந்து நின்றுவிட்டாள். கையில் ஒன்றும் இல்லை, ஆனால் டப்பாவைப் பிடிப்பதுபோல் விரல்களை மடக்கி வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். நான் போகாதவரை அவள் வேலையைத் தொடங்க முடியாது. அது எனக்குப் புரிந்தது. எழுந்து வெளியே வந்தேன்.

கதவில் ஒரு சின்னக் கண்ணாடி இருக்கிறதே, அதன் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கதவருகே வந்தாள். நான் நிற்கிறேனா என்று பார்க்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். தாழ்ப்பாள் இருக்கும் இடத்தைத் தடவிப் பார்த்து, சாத்தியிருக்கிறது என்று உறுதிப்படுத்திக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். கையைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் அசையவில்லை.

மணி நாலே கால்கூட ஆகவில்லை. உன் வீடு பத்து நிமிட நடை என்று தெரியும். பஸ் நிலையத்துக்குப் போய்விட்டேன்.

அத்தான்